கருவேலம் மூடிய ஓடுதளங்கள்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. டிராக்டரைக் கழுவி, பவர் ஸ்பிரேயரைத் துடைச்சு, மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை படைச்சு முடிச்சப்ப பொழுது சாஞ்சிடுச்சு. சுண்டல் கிண்ணத்தோட திண்ணையில உட்கார்ந்தா, உள்ளேருந்து டிவி சத்தம். திருச்சியிலேருந்து சார்ஜா கிளம்பின விமானத்துல ஹைட்ராலிக் கோளாறு, கீழே இறங்க முடியாம வானத்துலயே சுத்திக்கிட்டு இருக்குன்னு செய்தி.

ஊரே மாடியேறிடுச்சு. தெக்கால ஒரு வெளிச்சப் புள்ளி நகருறது தெரிஞ்சுது. அதுதானா வேறயான்னு யாருக்கும் தெரியல. ஆனா எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நின்னோம். உள்ள 140 பேருக்கு மேல. எங்க பக்கத்து கிராமங்கள்ல வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா ரெங்கநாதருக்குக் காசு முடிஞ்சு வச்சாங்க.

அன்னைக்கு எங்க பெரிய மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவோட மூத்த அண்ணன், காரைக்குடிப் பக்கம், 88 வயசு. மாடி ஏற முடியாது. வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பாத்துக்கிட்டே கேட்டார்:

"ஏன் மாப்ள, இங்க இறங்க முடியலேன்னா நம்ம செட்டிநாட்டு ஏரோடிராம்ல இறக்கக்கூடாதா? அங்கதான் வெட்டவெளியா கெடக்கே?"

சின்னப் பசங்க சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. மாமா சொன்ன அந்த ஏரோடிராம்ல நானும் நடந்திருக்கேன். 8.15 மணி வாக்குல அந்த விமானம் நல்லபடியா திருச்சியிலேயே இறங்கிடுச்சு. ஆனா மாமாவோட கேள்வி என் தலையிலேருந்து இறங்கல. நம்ம ஊர்களைச் சுத்தி இத்தனை ஓடுதளம் இருந்துச்சே, அதெல்லாம் என்னாச்சு? அதுக்குப் பதில் தேடினதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல மாமா கேட்டதுக்கு நேர்ப் பதில். சுத்திக்கிட்டு இருந்தது போயிங் 737 ரகம். அந்த ரகத்துல இப்ப பறக்கிற 800 மாடல் முழுப் பாரத்தோட 79 டன் வரைக்கும் வரும். திருச்சி ஓடுதளம் 8,136 அடி. கோளாறோட இறங்குற விமானத்துக்கு அந்த நீளமும், அந்தப் பாரத்தைத் தாங்குற தளமும், ஓரத்துல தீயணைப்பு வண்டியும் வேணும். சார்ஜா வரைக்கும் போறதுக்கு நிரப்பின எரிபொருளை எரிச்சுத் தீர்த்து எடையைக் குறைக்கத்தான் ரெண்டு மணி நேரத்துக்கு மேல சுத்தினாங்க. செட்டிநாட்டுத் தளம் போடப்பட்ட காலத்து விமானம் வேற. அந்தக் காலத்து டகோட்டா மொத்தமே 12 டன் சுமார்தான். புல்லுத் தரையில இறங்கும், புல்லுத் தரையிலேருந்து ஏறும். மாமா நினைப்புல இருந்தது டகோட்டா. வானத்துல இருந்தது போயிங்.

இதுக்குள்ளேயே பாதிக் கதை இருக்கு. மீதியைச் சொல்ல 1930களுக்குப் போகணும்.

1932 அக்டோபர் 15 அன்னைக்கு ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலேருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோட ஒரு சின்ன விமானத்தை ஓட்டிக்கிட்டு வந்தார். பம்பாயிலேருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு அதை எடுத்துட்டுப் போனவர் நெவில் வின்சென்ட். பம்பாய்ல அவங்க இறங்கின ஜூஹு, கடலோரச் சேத்துத் தரை. மழைக்காலம் வந்தா தண்ணி நின்னுடும், அப்ப புனேவுக்கு மூட்டை முடிச்சைக் கட்டிருவாங்க. விமான நிலையம்னா அவ்வளவுதான் அப்ப: மேடு பள்ளம் இல்லாத தரை, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்ட ஒரு துணிப்பை, எரிபொருள் பீப்பாய் நாலு. ராத்திரி இறங்க விளக்குக் கிடையாது. வழி தெரிய ஆறும் ரயில் பாதையும்தான். 1938ல இந்தத் தபால் விமானம் மெட்ராஸ்லேருந்து திருச்சி வழியா கொழும்பு வரைக்கும் நீண்டுச்சு. காவிரியும் கொள்ளிடமும் ரெண்டாப் பிரியற இடமும், மலைக்கோட்டையும் மேலேருந்து வர்றவனுக்கு நல்ல அடையாளமா இருந்திருக்கும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அப்ப இன்னைக்கு இருக்கிற 236 அடி உயரத்துக்கு எழும்பல. அது 1987லதான் முடிஞ்சுது.

அப்புறம் யுத்தம். 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்துச்சு. ஏப்ரல் 5ல கொழும்புல குண்டு, 6ல விசாகப்பட்டினம், காக்கிநாடாவுல குண்டு, 9ல திருகோணமலை. மெட்ராஸைக் காலி பண்ணிட்டு ஜனங்க உள்நாட்டுக்கு ஓடி வந்தாங்க. ஸ்ரீரங்கத்துலயும் திருச்சியிலயும் அப்படி வந்து தங்கினவங்க கதையைப் பெரியவங்க இன்னைக்கும் சொல்வாங்க. அந்த வருஷத் தொடக்கத்துல எல்லாப் பருவத்துலயும் இறங்கக்கூடிய ஓடுதளம் இந்தியா முழுக்கவே கொஞ்சம்தான். அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள நூத்துக்கணக்குல போட்டுட்டாங்க. அந்த அவசரத்துல நம்ம பக்கத்துல உருவானதுதான் சோழவரம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு எல்லாம். சூலூரும் அரக்கோணமும் அந்தக் கணக்குலதான் வரும்.

இந்த ஊர்களை வரைபடத்துல புள்ளி வச்சுப் பாத்தேன். ஒரு விவசாயி கண்ணுக்கு ஒண்ணு உடனே தெரியும். நம்ம பக்கத்துத் தளம் ஒண்ணுகூட ஆத்துப் பாசனத்துல இல்ல. திருச்சி ஏர்போர்ட் காவிரிக் கரையில இல்ல, தெக்கே புதுக்கோட்டை ரோட்டு மேட்டுல இருக்கு. தஞ்சாவூர்த் தளம் நஞ்சையில இல்ல, வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டுல இருக்கு. செட்டிநாடு முழுக்கச் செம்மண்ணும் சரளையும். களிமண் வயல்ல மழை பெஞ்சா மாடே கால் வைக்காது, விமானம் எங்க வைக்கும்? சரளையில தண்ணி நிக்காது. பெஞ்ச மறுநாளே நடக்கலாம். மேல புல்லு புடிச்சுட்டா வேர் மண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கும், புழுதியும் பறக்காது.

அதோட இன்னொரு கணக்கும் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். நஞ்சையைத் தொட்டா நெல்லு போகும், மிராசுதார் சத்தம் போடுவார். மேட்டு நிலம் யாருடையது? ஆடு மாடு மேய்க்கிறவன், விறகு பொறுக்குறவன், மானாவாரியில கேழ்வரகும் கடலையும் போடுறவன். அவன் சத்தம் வெளியில கேக்காது.

எங்க அம்மாச்சி அந்த ஏரோடிராம் வேலைக்கு மண் சுமந்தவங்க. மாமாவுக்கு அப்ப ஆறு வயசு இருக்கும், கூடவே போவாராம். ஆம்பளைங்க வெட்ட, பொம்பளைங்க கூடையில அள்ளிக் கொட்ட, உருளை இழுத்து அமுக்குவாங்களாம். வீட்டுல ஆடு மேய்ச்ச இடம் அதுதான். மேய்ச்சல் போச்சு, ஆனா கையில காசு வந்துச்சு. "அம்மா அதுக்கு முன்னால முழுசா ஒரு ரூபாயைப் பாத்ததில்ல மாப்ள"ன்னு மாமா சொன்னார். அப்புறம் ஒருநாள் விமானம் வந்து இறங்கினப்ப, மண் சுமந்த அத்தனை பேரும் தூர நின்னு பாத்தாங்களாம். கிட்ட விடல.

1945ல யுத்தம் முடிஞ்சுது. வந்தவங்க கிளம்பிட்டாங்க. தளம் மட்டும் கெடந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு பத்து வருஷம், இந்தத் தளங்களுக்கு உயிர் வந்திருக்க வேண்டிய நேரம். யுத்தத்துல மிஞ்சின டகோட்டாக்கள் மலிவா வித்தாங்க. பணம் இருந்தவங்க ஆளுக்கொரு விமானக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. காரைக்குடிக்குக் கல்லூரிகளைக் கொடுத்த கோட்டையூர் அழகப்பச் செட்டியாரே இங்கிலாந்துல விமானம் ஓட்டக் கத்துக்கிட்டவர்தான். ஜூபிடர் ஏர்வேஸ்னு மெட்ராஸ்ல ஒரு கம்பெனி நடத்தினார். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணைகள்ல கப்பல் கதையோட விமானக் கதையும் பேசின காலம் அது. அந்தக் கம்பெனி சில வருஷம்தான் ஓடுச்சு. 1953ல மிச்சமிருந்த 8 கம்பெனிகளை அரசு எடுத்து இந்தியன் ஏர்லைன்ஸ்னு ஒண்ணாக்கிடுச்சு.

அப்புறம் விமானம் பெருக்க ஆரம்பிச்சுது. டகோட்டாவுக்கு அடுத்து வைக்கவுண்ட், அவ்ரோ, 1970களோட தொடக்கத்துல போயிங் 737. ஒவ்வொரு தடவையும் விமானம் பெருக்குறப்ப ஓடுதளம் நீளணும், தடிக்கணும். நீட்டின ஊர் பிழைச்சுது: திருச்சி, மதுரை, கோயம்புத்தூர். நீட்டாத ஊர் அப்படியே நின்னுடுச்சு. 1981ல வாயுதூத்னு ஒரு கம்பெனியை அரசே ஆரம்பிச்சு, சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விட்டுச்சு. கான்பூர்ல செய்யுற 19 இருக்கை டார்னியர். தஞ்சாவூருக்கும் நெய்வேலிக்கும் அது வந்து போச்சு. டிக்கெட் காசுல கட்டுபடியாகல. 1990களோட அந்தக் கதையும் முடிஞ்சுது.

கைவிட்ட தளங்கள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழியா போச்சு. சோழவரத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார் பந்தயமும் பைக் பந்தயமும் நடத்துச்சு. 1990ல இருங்காட்டுக்கோட்டையில தனிப் பந்தயத் தளம் வர்ற வரைக்கும், தென்னாட்டுல வேகம்னா சோழவரம்தான். சிலதைப் படைகள் எடுத்துக்கிச்சு. அரக்கோணம் 1992ல கடற்படையோட ஐ.என்.எஸ். ராஜாளி ஆச்சு. ராமநாதபுரம் உச்சிப்புளித் தளம் 2009ல ஐ.என்.எஸ். பருந்து. தஞ்சாவூர் 2013ல விமானப்படை நிலையம் ஆகி, 2020லேருந்து சுகோய் போர் விமானங்கள் அங்கேயே நிக்குது. டெல்டாவுல நாத்து நடுற பொம்பளைங்களுக்கு இப்ப அந்தச் சத்தம் பழகிப்போச்சு. சென்னை போற வழியில நாம டீ குடிக்க இறங்குற உளுந்தூர்பேட்டையில ஒரு ஓடுதளம் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? செட்டிநாட்டுத் தளத்தைக் கால்நடைப் பண்ணைப் பக்கம் போனாதான் பாக்கலாம்.

நான் பாத்தது 1980களோட தொடக்கத்துல, முழுப் பரீட்சை லீவுல. மாமா வீட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பசங்களோட போவோம். சரளைச் சாலையில குலுங்கிக்கிட்டே போற சைக்கிள், அந்தத் தளத்துல ஏறினதும் சத்தமே இல்லாம ஓடும். கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் நேர்க்கோடு. கெட்டியான தரையில வெடிப்பு விட்டு, வெடிப்புல புல்லு. ஆடு மேயும். ஒருத்தர் கடலைக்கொடி காயப் போட்டிருப்பார். நான் கையை விட்டு சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது அங்கதான். விமானம் ஒண்ணும் வரல. அம்மாச்சி சுமந்த மண்ணுல, அம்மாச்சி வீட்டு ஆடு மறுபடி மேஞ்சுது. வானத்துல போறவனுக்கு அந்த இடம் செத்துப்போச்சு, ஆடு மேய்க்கிறவனுக்குப் பாதி திரும்பி வந்துச்சு. பாதின்னு ஏன் சொல்றேன்னா, மேய விட்டாங்களே தவிர, இது உங்க ஊர் மேய்ச்சல்னு யாரும் எழுதிக் கொடுக்கல. அடுத்த தடவை நான் பெரியவனாகிப் போனப்ப ஆடும் குறைஞ்சுது, ஓரமெல்லாம் சீமைக்கருவேலம்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்ததில்ல. இங்கிலாந்துல யுத்தத்துக்குப் போட்ட நூத்துக்கணக்கான தளங்கள்ல இப்ப கோதுமை விளையுது. கான்கிரீட்டை உடைச்சு ரோட்டுக்கு ஜல்லியா கொண்டு போனாங்க. அமெரிக்காவுல விவசாயிகளே சொந்த நிலத்துல புல்லுத் தளம் வச்சிருந்தாங்க. பயிருக்கு விமானத்துல மருந்து தூவறது அங்க 1921ல ஒஹையோவுல ஆரம்பிச்சுது. இன்னைக்குப் பெரிய கம்பெனியா இருக்கிற டெல்டா ஏர்லைன்ஸே பருத்திக்கு மருந்தடிக்க ஆரம்பிச்ச கம்பெனிதான். இப்பவும் அங்க எல்லாம் சேர்த்து சுமார் 20,000 இறங்குமிடம் இருக்கு. அதுல பொதுமக்களுக்குத் திறந்தது 5,000 அளவுதான், மிச்சம் பெரும்பாலும் தனியார் தளம். அங்கேயும் சின்னப் புல்லுத் தளங்கள் குறைஞ்சுக்கிட்டே வருது. அப்பன் விமானம் ஓட்டுவார், மகன் ஓட்ட மாட்டான். ரெண்டு வருஷம் புல்லு வெட்டலேன்னா புதர். மூணாவது வருஷம் மக்காச்சோளம், இல்லேன்னா வீட்டு மனை.

நம்ம நாட்டுல விவசாயி சொந்தமா விமானம் வச்சுக்கிற பேச்சே இல்ல. ஆனா மருந்தடிக்கிற விமானத்தை நாமளும் செஞ்சோம். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 1972ல பறக்கவிட்ட 'பசந்த்'. மொத்தம் 39 செஞ்சு, 1980ல நிறுத்திட்டாங்க. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்னு துண்டு துண்டா கெடக்குற நம்ம வயலுக்கு விமானம் எப்படிப் பொருந்தும்? என் வயலுக்கு அடிச்சா அடுத்தவர் வெத்தலைக் கொடிக்காலும் சேர்ந்து நனையும்.

இவ்வளவையும் படிச்சப்புறம் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. இந்தத் தளங்கள் பலதையும் 'இன்றோடு மூடப்படுகிறது'ன்னு யாரும் போர்டு வச்சு மூடல. ஒருநாள் வந்த விமானம் மறுநாள் வரல, அவ்வளவுதான். வராத விமானத்துக்கு யாரும் புல்லு வெட்டல. வெட்டாத புல்லுல கருவேலம் வந்துச்சு. கருவேலம் வந்த இடத்தைக் காகிதத்துல 'உபயோகமற்ற நிலம்'னு எழுதறது சுலபம்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கு. யாழ்ப்பாணம் பலாலித் தளமும் அதே யுத்தத்துல பிரிட்டிஷ் விமானப்படை போட்டதுதான். அதுவும் செம்மண். ஆனா அங்க செம்மண்ணுல புகையிலையும் வெங்காயமும் விளையும், கிணத்துப் பாசனம். 1947 டிசம்பர்ல ஏர் சிலோன் விட்ட முதல் விமானமே கொழும்பு ரத்மலானையிலேருந்து அந்தத் தளம் வழியா மெட்ராஸுக்குத்தான். அப்புறம் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் ஓடுச்சு. அந்தத் தளம் சாகல. உள்நாட்டுப் போர் வந்தப்ப அது ராணுவத் தளமாச்சு. சுத்தி இருந்த வலிகாமம் வடக்கு கிராமங்களை உயர் பாதுகாப்பு வலயம்னு வளைச்சாங்க. 1990ல இடம்பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ வருஷம் முகாம்கள்லயும் சொந்தக்காரங்க வீட்டுலயும் இருந்தாங்க. போர் முடிஞ்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நிலத்தை விட்டாங்க. எல்லாருக்கும் இன்னும் கிடைக்கல. 2019ல அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆச்சு. 2025 மார்ச் கடைசியிலேருந்து திருச்சிக்கு மறுபடி விமானம் வருது. சந்தோஷம்தான். ஆனா செட்டிநாட்டுல ஓடுதளம் செத்து மேய்ச்சல் பிழைச்சுது, பலாலியில ஓடுதளம் பிழைச்சு தோட்டம் செத்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுதான் பாக்கணும்.

அதனால 'பழைய தளங்களையெல்லாம் மறுபடி திறக்கணும்'னு நான் எழுத மாட்டேன். 2016ல உடான் திட்டம் அறிவிச்சதிலேருந்து தஞ்சாவூர், நெய்வேலி, வேலூர், ராமநாதபுரம் பேரெல்லாம் செய்தியில வந்துக்கிட்டே இருக்கு. பழைய தளங்கள்ல விமானிப் பயிற்சிப் பள்ளி வைக்கிற பேச்சும் அப்பப்ப வருது. சேலத்தைப் பாருங்க. 1993ல திறந்தாங்க, நின்னுச்சு. 2018ல வந்துச்சு, மறுபடி நின்னுச்சு. 2023 அக்டோபர்ல திரும்ப ஆரம்பிச்சுது. ஏறி இறங்க ஆள் இருக்கிற வரைக்கும்தான் தளம். ஆள் இல்லாம தளத்தை மட்டும் போட்டா, இன்னொரு தலைமுறைக்கு சைக்கிள் ஓட்ட இடம் கிடைக்கும். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். மண்ணை எடுக்கறப்ப எதுக்குன்னு எழுதுற மாதிரி, அது முடிஞ்சா யாருக்குன்னும் எழுதணும்.

இதை எழுதற தகுதி எனக்கு இருக்கான்னு யோசிச்சேன். ஏன்னா எங்க ஊர்லயே ஒரு ஓடுதளத்தைச் சாக விட்டவங்கள்ல நானும் ஒருத்தன். ஊர்ப் பொதுக் களத்தைச் சொல்றேன்.

களமும் ஓடுதளமும் ஒரே ஜாதி. ரெண்டும் மேடு பள்ளம் இல்லாம, தண்ணி நிக்காம, கெட்டிச்ச தரை. ரெண்டும் காத்தைப் பாத்துப் போட்டது. ஆடியில மேக்காத்து, ஐப்பசி கார்த்திகையில கீழ்க்காத்து. திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்கா கெடக்கறது அதனாலதான், விமானம் காத்தை எதுத்து இறங்கணும். களத்துல நாம தூத்துறதும் காத்தைப் பாத்துத்தான். அறுப்புக்கு முன்னாடி எங்க அப்பா காலத்துல களத்தைச் செதுக்கி, சாணி கரைச்சுத் தெளிச்சு மெழுகுவாங்க. வண்டி போனாக்கூட வண்டிக்காரனைத் திட்டுவாங்க. அறுவடை மிஷின் வந்துச்சு. வயல்லயே நெல்லு கொட்டி, வயல்லேருந்தே லாரி ஏறுச்சு. களத்தை யாரும் மூடல. ஒரு வருஷம் மெழுகல, அடுத்த வருஷம் செதுக்கல, அதுக்கடுத்த வருஷம் கருவேலம். இப்ப நெல்லைக் காய வைக்க இடமில்லாம தார் ரோட்டுல கொட்டுறோம், ராத்திரியில பைக்குல வர்றவன் அதுல சறுக்கி விழறான். களத்துல வேற ஏதாவது கட்டிடம் கட்டலாம்னு ஊர்ல ஒரு பேச்சு. "சும்மாத்தானே கெடக்கு"ங்கிற அதே வார்த்தை.

போன சம்பாவுல பூச்சிமருந்து அடிக்க ட்ரோன் கூப்பிட்டோம். 10 லிட்டர் டேங்க், ஏக்கருக்குப் பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடுது. முதுகுல ஸ்பிரேயர் சுமந்து சேத்துல நடந்தா அரை நாள் வேலை. ஓட்ட வந்த தம்பி வண்டியை விட்டு இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி:

"அண்ணே, புதர் இல்லாம, கரண்டு கம்பி இல்லாம, சமமா ஒரு இடம் இருக்கா? இறக்கி ஏத்தணும், பேட்டரி மாத்தணும், மருந்து கலக்கணும்."

வரப்புல இடம் பத்தல. நானும் இன்னும் நாலு பேரும் அரிவாளோட போய், களத்துல ஒரு மூலையை வெட்டிக் கொடுத்தோம். அங்கேருந்து அது ஏறிப் போனப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. நாப்பது வருஷம் முன்னாடி எங்க அப்பா மெழுகின தரை.

மாமாகிட்ட போன்ல சொன்னேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் சொன்னார்: "வெட்டினது வெட்டினீங்க, வேரோட எடுத்தீங்களா மாப்ள? இல்லேன்னா ஐப்பசி மழையில திரும்ப வந்துரும்."

எடுக்கல. அடுத்த கிராம சபையில களத்தைக் களமாவே வைக்கணும்னு எழுதிக் கொடுக்கப்போறேன். நெல் காயவைக்க, ட்ரோன் இறக்க, பசங்க சைக்கிள் பழக. அதுக்கு முன்னால இந்த ஞாயித்துக்கிழமை கடப்பாரையோட போறோம். வேரோட.